குந்தவை நடாமல் விட்ட இடம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, நன்னிலத்திலிருந்து உங்கள் மாமனார் துரைராசு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை, கறவை மாடு எல்லோரும் சுகம். நீங்களும் எழில்மொழியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீங்கள் குறுக்கே கேள்வி கேட்பீர்கள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

உங்கள் கொழுந்தியாள் குந்தவை ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு, உலகத்தில் காகிதம், துணி எல்லாம் இருக்க, படம் வரைய என் சம்பா வயலைக் கேட்டாள். கிழக்கே மனை பிரித்து நகர் போட்டபோது ஊரே சேர்ந்து ஒரு வாய்க்காலைத் தூர்த்தோமே, அது நம் வயலில் வளைந்து போன தடத்தில் மட்டும் நாற்று நடாமல் விட வேண்டுமாம். ட்ரோன் விட்டு மேலேயிருந்து பார்த்தால் நிலத்தை நாம் என்ன பாடுபடுத்தினோம் என்று தெரியுமாம். "கீழ நின்னு பார்த்தா என்னம்மா தெரியும்?" என்றேன். "உங்களுக்கு நஷ்டம் தெரியும்ப்பா" என்றாள். பெண் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை, விட்டுவிட்டேன். பயிரும் பச்சை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, பிடித்திருந்தால் பெரிய கண்காட்சியில் வைப்பதாக ஏற்பாடு. பிள்ளை அதற்காகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

சனிக்கிழமை அவர்களை அழைத்துவர அவள் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வயலில் நடவு முடித்த பூவம்மாள் கூட்டம் நம் வயலைப் பார்த்திருக்கிறது. நட்ட வயலில் இடம் வெட்டையாகக் கிடந்தால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? மிச்ச நாற்றையெல்லாம் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது வயல் முழுக்கப் பச்சை, படம் போன இடம் தெரியவில்லை. "கூலியெல்லாம் வேணாங்க. நாத்து பத்தாம விட்டுட்டீங்க போல. விருந்தாளி வர்ற நேரத்துல வயலு மொட்டையா கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் பூவம்மாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்? சாயங்காலம் வந்த குந்தவை வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றைப் பிடுங்க இறங்கினேன். "நட்டதப் புடுங்காதீங்கய்யா" என்று பூவம்மாள் தடுத்தாள். "விடுங்கப்பா, அவங்க ஆசையா நட்டது" என்று குந்தவையும் சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் வரவேண்டிய மழை இந்தப் புரட்டாசியிலேயே வந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொட்டித் தீர்த்தது. வாய்க்காலைத் தூர்த்த சேதியைத் தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பழைய தடத்திலேயே வந்து, பச்சை பிடித்த பயிரையெல்லாம் விட்டுவிட்டு, முந்தினநாள் நட்டதை மட்டும் அடித்துக்கொண்டு போய்விட்டது. "அப்பா, வாய்க்காலே வந்துடுச்சுப்பா" என்று குந்தவை சேற்றில் குதித்தாள். சென்னை ஆட்களில் ட்ரோன் விட வந்த ரோஹிணி என்ற பெண்ணும் குதித்து, வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே படம் தேர்வாகிவிட்டது என்றாள். பூவம்மாள் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரை கேட்டிருக்கும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை, மாப்பிள்ளை.

எழில்மொழிக்கு என் அன்பு முத்தம். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
துரைராசு

பி.கு.: தண்ணீர் நம் வயலோடு நிற்கவில்லை. கிழக்கே நகரில் போன தையில் நீங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போட்ட மனையில் போய் இறங்கி, குளமாக நிற்கிறது. படத்திலேயே அதுதான் அழகான பகுதி என்று வந்தவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். அடித்துப் போன நாற்றும் அங்கேதான் ஒதுங்கியிருந்தது. வீணாய்ப் போகக்கூடாதென்று பூவம்மாள் உங்கள் வரவேற்பறை, படுக்கையறை இரண்டிலும் நட்டுவிட்டாள். அறுவடைக்கு அவசியம் வரவும்.