நொச்சி அண்ணாச்சியும் முத்தையாபுரத்துத் தும்மல்களும்

முத்தையாபுரத்தில் ஒருவர் இரண்டு முறை தும்மினால் அது அவர் பாடு. மூன்றாவது தும்மலிலிருந்து அந்த மூக்கு நொச்சி அண்ணாச்சிக்குச் சொந்தம்.

அங்கே ஒரு மூலிகை ஏற்றுமதிக் குடோனில் கப்பல் டாகுமெண்ட் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ந்த நிலாவாரை இலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அந்த இலை வயிற்றை இளக்கும். அதன் தூசி மூக்கை இளக்கும். போதாக்குறைக்கு வெளியே சீமைக்கருவேலம் பூத்துக் கிடந்தது. முதல் நாள் பதினோரு மணிக்குள் பத்தொன்பது தும்மல் போட்டேன். இருபதாவதற்கு வாயைத் திறந்தபோது வாசலில் ஒரு மஞ்சள்பை தெரிந்தது. பைக்குள் நொச்சி இலை. பைக்குப் பின்னால், இலை சலிக்கும் பகுதியின் சூப்பர்வைசரான அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏளா, என்னமாத் தும்முதே! மூக்கா, மோட்டார் பம்பா? எந்திரி."

"வேலை கிடக்கு அண்ணாச்சி."

"கப்பல் சாயங்காலம் வரைக்கும் நிக்கும். உன் மூக்கு நிக்காது."

ஆபீஸ் கெட்டிலில் நொச்சியும் மஞ்சளும் கொதித்தன. (அந்த வாரம் முழுக்க டீயும் நொச்சி வாசம்தான்.) பூப்போட்ட போர்வைக்குள் என்னை மூடிவிட்டு, "நிதானமா இழு, புட்டு அவியிற மாதிரி" என்று வெளியே இருந்து எண்ணினார். வெளியே வந்தபோது கண்மை கன்னத்தில் இருந்தது. ஆனால் மூக்கு திறந்திருந்தது.

அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊற்ற வேண்டும். குடோன் துணியோடு கட்டிலில் உட்காரக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவ வேண்டும். "உப்பளத்து ஊர்ல இருந்துக்கிட்டு மூக்குக்கு உப்பக் காட்டலேன்னா வெளியூர்க்காரன் சிரிப்பான்!"

ஒருநாள் மானேஜர் ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். "எங்கவே இருக்கீரு?"

"போர்வைக்குள்ள சார்."

வேலை நேரத்தில் போர்வையா என்று முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். பாவம், வந்த இடத்தில் மூன்று முறை தும்மினார். அரை மணி நேரம் கழித்து நான் கையெழுத்து வாங்கப் போனபோது ஒரே போர்வைக்குள் இருவர் இருந்தார்கள்.

ஒரு பங்குனியில், வாங்குகிற கம்பெனியின் சார்பில் தரம் பார்க்க ஓர் அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். அவர் வேண்டாம் என்றால் சரக்கு மொத்தமும் நின்றுவிடும். இலை சலிக்கும் முப்பது பெண்களுக்கும் வேலை இல்லை. மனிதர் குடோனுக்குள் கால் வைத்ததும் தும்ம ஆரம்பித்தார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. ரிஜெக்ட் என்று சொல்ல வந்தவர், "ரி... ரி..." என்பதோடு நின்று நின்று தும்மினார். முதலாளி சாமியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி போர்வையை எடுத்தார்.

"விடுங்கய்யா என்னை!" என்று போர்வை கத்தியது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. பிறகு உள்ளேயிருந்து கேள்வி வந்தது: "பெரியவரே, சரக்குல தூசி இருக்குல்ல?"

இல்லை என்று சொல்லுங்கள் என முதலாளி கையை ஆட்டினார்.

"இருக்கு சார், உள்ளதுதான்" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு நாள் தாங்க. மறுபடி சலிச்சுத் தாரோம். இப்ப உங்க மூக்கு இருக்குத மாதிரி சுத்தமா இருக்கும்."

போர்வை விலகியது. அதிகாரி ஒரு முழு மூச்சு இழுத்தார். "நாளை மறுநாள் வர்றேன். அந்த நொச்சி இலையில கொஞ்சம் கொடுங்க" என்றார். நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முப்பது பேரும் இரண்டு நாள் சலித்தார்கள். கண்டெய்னர் கப்பல் ஏறியது.

அதற்கப்புறம் அண்ணாச்சியைத் தரையில் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் நான் அவரைப் பார்க்கும் வரைக்கும். நான்கு தும்மலுக்கு நடுவே, "அந்த அலர்ஜி மாத்திரை ஒரு அட்டை தாரும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! உங்களுக்கா?"

திருடன் மாதிரித் திரும்பினார். "முப்பது வருசமா தூசிக்குள்ள நிக்கேன், எனக்கு வராதா? மூச்சிழுப்பு வந்துட்டு. டாக்டர் இதத்தான் தினமும் போடச் சொன்னாரு."

"அப்ப நொச்சி?"

"லேசான தும்மலுக்கு அது போதும்ளா. இழுப்புன்னா டாக்டர்ட்டதான் போவணும்." அட்டையை மஞ்சள்பைக்குள், இலைக்கு அடியில் ஒளித்தார். "யார்ட்டயும் சொல்லிராத, என்ன? அப்புறம் ஒரு பய தலைய உள்ள குடுக்க மாட்டான்."

இதுவரை சொல்லவில்லை. அவர் பத்திரிகை படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று, புதுக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே யாருமே தும்முவதில்லை என்று வருத்தம். நான் கோயம்புத்தூரில் ஏசி அறையில் வேலை பார்க்கிறேன். தும்மல் நின்று வருடக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். "மூக்கு எப்பிடி இருக்கு?"

ஒருமுறை, "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் குரல் வாடிப்போயிற்று.

அன்றிலிருந்து, போனை எடுத்ததும் முதலில் ஒரு பொய்த் தும்மல் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.