கடற்பூவின் மூன்று சாவுகள்

"நான் மார்க்கண்டு. வயது இருவத்தாறு. இப்ப மேற்கு ஜேர்மனியில ஒரு அகதிக் காம்பில இருக்கிறன்."

கசெற் இப்படித்தான் தொடங்கியது. சொந்த அக்காவுக்கு அனுப்பும் கசெற்றில் பெயரும் வயதும் எதற்கு? அகதி விசாரணையில் சொல்லிச் சொல்லி அவன் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அத்தான், என்ர பூ எப்பிடி? அது உயிரோட இருக்குமட்டும் என்ர கேசுக்கும் ஒண்டும் நடக்காது எண்டு மனசு சொல்லுது. உண்மையைச் சொல்லுங்கோ. இதைக் கேக்கிற ஆரெண்டாலும் சொல்லுங்கோ."

மண்டைதீவில் அத்தான் தம்பிராசா கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார். கல்லில் ஒட்டியபடி ஊதா நுனி விரல்களைப் பூப்போல விரித்து ஆடும் அந்தக் கடற்பூப் பிராணி, ஊறிய பாண் துண்டுபோலக் கல்லில் கிடந்தது.

"மீனாம்பிகை, இதுக்கு என்ன செய்தனீர்?"

"நானோ? நீங்கள்தானே தண்ணி வத்த வத்தக் கடல் தண்ணி விட்டனீங்கள்!"

வற்றினால் நல்ல தண்ணீர் விடவேண்டும் என்று மார்க்கண்டு போகும்போது கொப்பியில் எழுதி வைத்திருந்தான். சைக்கிளில் கான் கட்டிக் குடிதண்ணீர் கொண்டுவரும் ஊரில், கடல் பிராணிக்கு யாராவது நல்ல தண்ணீர் கொடுப்பார்களா? அவசரத்தில் மாறி எழுதிவிட்டான் என்று தம்பிராசா முடிவெடுத்திருந்தார்.

இப்போது பதறிப்போய் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினார். பூ பாக்களவாகச் சுருங்கியது. தெம்பு வரட்டுமென்று ஒரு கை இறால் போட்டார். மறுநாள் மணம் றோட்டுவரை போனது.

"செத்துப்போச்சு," என்றாள் மீனாம்பிகை.

தம்பிராசா இறங்குதுறையில் ஒரு துண்டு கற்பூரம் கொளுத்திவிட்டு, பூவைக் கல்லோடு தூக்கிக் கடலில் எறிந்தார்.

வள்ளத்தில் வலை மடித்துக்கொண்டிருந்த குருசுமுத்து தலையை நிமிர்த்தினான். "என்ன அண்ணை, கல்லுக்கும் செத்தவீடோ?"

தம்பிராசா எல்லாவற்றையும் சொன்னார். "இதைப்போல இன்னொண்டு வேணும். ஊதா நுனி. கல்லோட. ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

"நாலு நாள் பொறுங்கோ."

நான்காம் நாள் வாளியில் வந்தது அச்சொட்டாக அதே மாதிரி. குருசுமுத்துவுக்கு ஒரு குட்டான் பனங்கட்டி கிடைத்தது. ஜேர்மனிக்குக் கசெற் போனது: "பூ நல்லாய் இருக்கு, மார்க்கண்டு."

வெளிச்சம் வேண்டுமென்று தொட்டியை யன்னலடியில் வைத்தார். வெயிலில் தண்ணீர் சுட்டது. பூ துவண்டது. இறங்குதுறை, நாலு நாள், பனங்கட்டி.

வெயில் வேண்டாமென்று குசினிக்கு மாற்றினார். அடுப்புப் புகையில் அதுவும் சுருண்டது. மறுபடியும் இறங்குதுறை. இந்தமுறை கற்பூரம் கொளுத்தவில்லை. ஆத்திரத்தில் கண்காணாத தூரத்துக்கு எறிந்தார்.

குருசுமுத்து மூன்றாவதையும் கொண்டுவந்து கொடுத்தான். அதே ஊதா நுனி.

"உமக்கு எப்பிடிக் காணும் ஒரே மாதிரி அம்பிடுது?"

"கடலுக்கை என்ன இல்லை, அண்ணை?"

அது கூடத்தில் நன்றாக விரிந்து ஆடியபோது மார்க்கண்டுவின் அடுத்த கசெற் வந்தது.

"கேசைத் தள்ளிப் போட்டிட்டாங்கள், அத்தான். சாப்பாடு இறங்குதில்லை. 'பூ நல்லாய் இருக்கு' எண்டு நீங்கள் சொன்னதைப் போட்டுப் போட்டுக் கேக்கிறன்."

தம்பிராசா ஒரு வெறுங் கசெற்றைப் போட்டார். றெக்கோட் பட்டனை அமத்தினார்.

"மார்க்கண்டு, நான் பொய் சொல்லிப்போட்டன். நீ விட்டிட்டுப் போன பூ செத்துப்போச்சு. பிறகு வந்த ரெண்டும் செத்துப்போச்சு. இப்ப இருக்கிறது நாலாவது."

மீனாம்பிகை ஓடிவந்தாள். "ஐயோ, இதையே அனுப்பப்போறியள்? தம்பி உடைஞ்சுபோவான்!"

"இனியும் அவனை ஏமாத்த ஏலாது, மீனாம்பிகை."

கசெற் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் விம்மலும் அதில் பதிந்தது.

வாசலில் குருசுமுத்து நின்றான். வலக் காதை மூடி லேஞ்சியால் கட்டியிருந்தான்.

"என்ன காணும் காதுக்கு?" என்றார் தம்பிராசா.

"தண்ணி புகுந்து குத்துது. அதுதான் ஒண்டு கேக்க வந்தனான். அடுத்தமுறை எறியேக்க கரைக்குக் கிட்டவா எறியுங்கோ, அண்ணை. ஒவ்வொருக்காவும் கடலுக்கை கிடந்து திரும்ப விரியிற அந்த ஒரு பூவையே அவ்வளவு ஆழத்தில சுழியோடி எடுக்க எனக்கு ஏலாது."