முப்பத்தாறு பட ரோலில் நாற்பத்து நான்கு

எண்ணிக்கையில் தவறியதே இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களை நம்பாதீர்கள். நான் அப்படிச் சொல்லிக்கொண்டே எழுபத்தோரு வயது வரை வாழ்ந்தவன். (இப்போது எழுபத்து மூன்று. சொல்வதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.)

புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அரசாங்கத்துக்காகக் கிணறுகளை எண்ணினேன், ஆடுகளை எண்ணினேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணச் சொல்லி யாரும் எதுவும் தராததால் கண்ணில் பட்டதை எண்ண ஆரம்பித்தேன். எங்கள் வீட்டிலிருந்து கொட்டாரம் ஜங்ஷன் வரை மின்கம்பம் நாற்பத்தொன்று. என் மனைவி ஒரு நாளில் விடும் பெருமூச்சு சராசரி பதினேழு.

மகள் ஜெபா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, பிலிம் கேமராவில் விசேஷ வீடுகளைப் படம் எடுக்கும் தொழில் தொடங்கினாள். ஒரே ரோல், முப்பத்தாறே படம். எடுத்தவுடன் பார்க்க முடியாது. பிலிமைக் கழுவி பிரிண்ட் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் கையில் கிடைக்கும். எங்கள் காலத்தில் இதையெல்லாம் குறை என்றோம். அவள் அவற்றையே சிறப்பு என்று சொன்னாள். அதற்கும் ஆள் வந்தது.

முதல் ஆள் ராணி, எங்கள் சபையைச் சேர்ந்தவள். மகளுக்கு நிச்சயம். துபாய் மாப்பிள்ளை கூடுதலாக ஒரு நிபந்தனை வைத்தார்: வீட்டுக்குள் ஒரு போன்கூட இருக்கக் கூடாது, பிலிம் படம் மட்டும் போதும். படம் நன்றாக வந்தால் அவருடைய இரண்டு தங்கைகளின் கல்யாணமும் ஜெபாவுக்கு. வராவிட்டால் திரும்பச் சென்னைக்கே போய்விடுவதாகத் தன் அம்மாவிடம் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆக, அந்த முப்பத்தாறு படத்தில் என் மகளின் தொழில் இருந்தது.

எனக்கு மூன்று பொறுப்பு. வாசலில் போன்களை வாங்கிக் கூடையில் போடுவது, கேமராவில் பிலிம் மாட்டுவது, எத்தனை படம் மிச்சம் என்று பத்துக்கு ஒரு விரலாகக் காட்டுவது.

வந்தவர்களில் போன் வைத்திருக்கும் வயதுக்காரர்கள் அறுபத்து நான்கு பேர். கூடையில் இருந்தது அறுபத்து மூன்று. மூன்று தடவை எண்ணினேன். சந்தேகம், மண்டைக்காட்டிலிருந்து வந்திருந்த, நிச்சயப் பெண்ணின் பெரியம்மை மீது விழுந்தது. (பெரியம்மாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) ஜிப் வைத்த உறையில் போட்ட பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை போய்க் கேட்டேன்.

"எனக்கு யாருட்ட பேச இருக்கு சாரே? கர்த்தருட்ட பேச போன் வேண்டாமுல்லா" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் தாளில் 'ஒன்று குறைவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். இந்தப் புழுக்கத்தோடுதான் பிலிம் மாட்டப் போனேன்.

ஜெபா முந்தின நாளே பாடம் நடத்தியிருந்தாள். பிலிமின் நுனியைச் சுருட்டும் உருளையில் செருக வேண்டும். இரண்டு சுற்று சுற்றி, பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பின்மூடியை அடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை லிவரை இழுக்கும்போதும் இடது பக்கக் குமிழ் சுழல வேண்டும். குமிழ் சுழன்றால் பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு சுற்றில் இரண்டு படத்துக்கான பிலிம் வெளிச்சம் பட்டு வீணாகும், போனால் போகட்டும் என்றாள்.

போனால் போகட்டும் என்பது என் அகராதியில் கிடையாது. எங்கள் காலத்தில் கெட்டிக்காரர்கள் நுனியைச் சிக்கனமாகச் செருகி, முப்பத்தாறு ரோலில் முப்பத்தெட்டு எடுப்பார்கள். நான் நகக்கண் அளவு செருகி மூடியை அடைத்தேன்.

நிச்சயம் நன்றாக நடந்தது. போதகர் ஜெபித்தார், மோதிரம் மாற்றினார்கள். நான் முன்வரிசைக்கும் முன்னால் நின்று விரல் காட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு உறவுக்காரர்கள் படத்துக்கு நின்றார்கள். கேமராவின் எண் முப்பத்தாறைத் தாண்டியது. ரோல் தானாக நிற்க வேண்டுமே என்று ஜெபா முணுமுணுத்தாள். நான் சிக்கனமாக மாட்டியதைப் பெருமையோடு சொன்னேன். முப்பத்தெட்டு வரை நம்பினாள். அதற்குமேல் வாயே திறக்கவில்லை. (வியப்பில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.)

படத்தில் இடம் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்களை எல்லாம் நானே கூப்பிட்டேன். பதினொரு வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத, ராணியின் அண்ணன்மார் இருவரும் நாற்பதாவது படத்தில் ஒன்றாக நின்றார்கள். நாற்பத்து நான்கில் ஜெபாவே போதும் என்று நிறுத்தினாள். மாப்பிள்ளை என் கையைக் குலுக்கினார். அவர்களுடைய வேன் புறப்பட்டுப் போனது.

ஜெபா என்னைப் புறவாசலில் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போனாள். பிலிமைத் திரும்பச் சுற்றும் அந்தக் குமிழை ஒரே விரலால் தட்டினாள். பிலிம் ஓடியிருந்தால் இறுகி நிற்க வேண்டும். இது சும்மா சுழன்றது.

"அப்பா, குமிழ் சுத்துகான்னு ஒரு தடவையாவது பாத்தியளா?"

பார்க்கவில்லை. காலை முழுவதும் என் கண் அந்த பைபிள் உறையில்தான் இருந்தது. செருகிய நுனி முதல் இழுப்பிலேயே கழன்றுவிட்டது. எண் மட்டும் ஏறியிருக்கிறது, பிலிம் ஓர் அங்குலமும் நகரவில்லை. நாற்பத்து நான்கு படத்தில் விழுந்தது பூஜ்யம். அறுபத்து மூன்று போனும் என் கூடையில் இருந்ததால் வேறு படமும் கிடையாது.

ராணியிடம் நானே போய்ச் சொன்னேன். ஆறு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். இரண்டுதான் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. மோதிரம் போட்ட படமும் இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

அப்போது ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பைபிள் உறைக்குள்ளிருந்து பெரியம்மை போனை எடுத்தாள்.

"ஜெபத்துக்குக் கண்ண மூடச் சொன்னாவ. நான் ஒரு கண்ணு தெறந்து கொஞ்சம் எடுத்தேன் மக்கா. சாரு ஏசப்பிடாது."

மொத்தம் ஏழு படம். மூன்றில் அவள் கட்டைவிரல், இரண்டில் மின்விசிறி, ஒன்றில் என் வழுக்கை. ஏழாவது, ஜெபம் முடிந்த பிறகும் விடாமல் எடுத்தது: மோதிரம் போடும் காட்சி. மிச்சக் கணக்குக் காட்ட நான் தூக்கிப் பிடித்த இரண்டு விரலுக்கு நடுவே பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபா வேறு ரோல் எடுத்து, இரண்டு சுற்று சுற்றி, குமிழைப் பார்த்து, அந்த போன் திரையையே படம் எடுத்தாள். பிலிமில் தருவதாகச் சொல்லியிருந்தாள், பிலிமில் தந்தாள். நடந்ததை மாப்பிள்ளையிடம் ஒளிக்கவும் இல்லை. அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லையாம். என் விரல்கள் இன்று அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டடி உயரப் படமாகத் தொங்குகின்றன. தங்கைகள் கல்யாணமும் ஜெபாவுக்கே வந்தது.

வீட்டில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "குமிழ் சுத்திச்சா?" இட்லி எத்தனை தின்றேன் என்று சொன்னாலும் இதே கேள்வி. (பெருமூச்சு இப்போது பன்னிரண்டாகக் குறைந்திருக்கிறது. மிச்சம் ஐந்தும் சிரிப்பாகிவிட்டன.)

பிலிமைத் தொட எனக்கு அனுமதியில்லை. போன் கூடை மட்டும் என் பொறுப்பு. அதிலும் ஜெபா ஒரு விதி வைத்திருக்கிறாள்: ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒரு பெரியம்மையிடம் போனை விட்டுவிட வேண்டும், நான் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. போன வாரம் கன்னியாகுமரியில் ஒரு கல்யாணத்தில் எண்பத்திரண்டு பேருக்கு எண்பத்திரண்டு போனும் கூடையில் சரியாக இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு போனை எடுத்துக்கொண்டு, ஜிப் வைத்த பைபிள் உறை யாரிடம் இருக்கிறது என்று பந்தல் முழுக்கத் தேடி அலைந்தேன்.