பதினொரு கண்டனக் கடிதங்கள்

பதினொன்று. தங்கராசா விரல் வைத்து இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தார். பதினொன்றேதான்.

"ஐயா, என்ட பதிவுத் தபால்..." என்றாள் கவுண்டருக்கு வெளியே நின்ற இரத்தினம்மா. கத்தாரில் வேலை செய்யும் மகள் அனுப்பிய தபால். தபால் வந்த அறிவித்தல் துண்டைக் கையில் பிடித்தபடி அரை மணித்தியாலமாக நிற்கிறாள்.

"பொறுங்க. நாட்டில என்னென்னமோ நடக்குது."

நாட்டில் நடந்தது இவ்வளவுதான். 'உப்பாறு' என்று ஒரு மாத இதழ். எழுத்தாளர்களைப் பிடித்து இருத்தி, சாதி, சீதனம், கோயில், பள்ளிவாசல் என்று ஊர் வாய் திறக்காத விசயங்களைத் துருவித் துருவிக் கேட்டு, பக்கம் பக்கமாகப் பேட்டி போடுகிற பத்திரிகை. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த மட்டக்களப்பில் எல்லோருக்கும் திடீரென்று பேச்சு வந்திருந்தது. போன மாதம் காத்தான்குடிப் பாறூக்கின் பேட்டி. இந்த மாதம் அந்தப் பேட்டியைக் கிழித்து வாசகர்கள் எழுதிய பதினொரு கண்டனக் கடிதங்கள்.

தங்கராசாவின் பேட்டியும் வந்ததுதான். நாலு மாதத்துக்கு முன், பத்துப் பக்கம். அதற்கு வந்த எதிர்வினை ஒன்றே ஒன்று. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள்: "எழுத்தாளர் தங்கராசாவின் பேட்டியில் 'மட்டக்களப்பு வாவி' என்பது 'மட்டக்களப்பு சாவி' என்று அச்சாகிவிட்டது. வருந்துகிறோம்." அந்தப் பிழையைக்கூட வாசகர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தங்கராசாவே எழுதிப் போட்டதுதான்.

அவர் வாவிக்கரை உப தபாலகமொன்றின் அதிபர். மூன்று சிறுகதைத் தொகுதிகள் எழுதியவர். முப்பது வருடமாக ஊராரின் கடிதங்களுக்குச் சீல் அடித்த கையால், தன் எழுத்தைத் திட்டி வந்த ஒரு மொட்டைக் கடிதத்துக்குச் சீல் அடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

பாறூக் பிறத்தி ஆளாக இருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. ஒன்றாகப் படித்த கூட்டாளி. புடவைக் கடைக்காரன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், செட்டிபாளையத்தில் தங்கராசாவும் மனைவி இலட்சுமிப்பிள்ளையும் உடுத்த துணியோடு நின்றபோது, கூட்டிக்கொண்டு போய்ப் பத்தொன்பது நாள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன். அவன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவன் பெயரைப் பத்திரிகையில் பார்த்து வயிறெரிவது கஷ்டமான வேலை. தங்கராசா கஷ்டப்பட்டுத்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்.

ஒரு கடிதத்தைத் திரும்ப வாசித்தார். "பெண்பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும், அதனால் ஆண் காலம் முழுக்க மனைவி வீட்டில் விருந்தாளியாக இருக்கிறான் என்று கவலைப்படுகிறார் பாறூக். அந்த விருந்தாளி ஒரு நாளாவது தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவியதுண்டா?" கீழே, 'ஒரு வாசகி, ஏறாவூர்'.

"என்ன காரம்! இப்பிடித் திட்டு வாங்க அவன் எங்க குடுத்துவச்சான்?" என்று பொருமினார்.

"ஐயா, எனக்கு வந்த கடிதம்..."

"உங்களுக்குமா கடிதம்!" என்று சீறிய பிறகுதான் நினைவு வந்து எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் இலட்சுமிப்பிள்ளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? பதினொண்டு!"

"பாவம் பாறூக் அண்ணன். கவலைப்பட்டிருப்பார்."

"கவலையா? முந்தியெல்லாம் எதிர்ப்பு எண்டா துவக்கோட மோட்டர் சைக்கிள்ல வரும். இப்பதான் முத்திரை ஒட்டிக் கடிதமா வருது. எழுத்தாளனுக்கு இதவிட மரியாதை என்ன இரிக்கு?"

"உங்களத் திட்டணுமெண்டா, திட்டுற மாதிரி என்னவும் சொல்லியிரிக்கணும். வாவியில நிலா வடிவாத் தெரியும் எண்டு சொல்லியிரிக்கிறீங்க. அதுக்கு ஆர் கோவிக்கிற?"

நியாயமான கேள்வி. அதனாலேயே தங்கராசா நேரே 'உப்பாறு' ரதீஸுக்குப் போன் எடுத்தார். அந்த இதழுக்குப் பேட்டி எடுப்பவன், படம் பிடிப்பவன், கட்டுக் கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுபவன் எல்லாம் ரதீஸ்தான்.

"தம்பி, இன்னொரு பேட்டி எடுங்க. இந்தமுறை ஆழமாக் கேளுங்க. நான் ஒண்டும் ஒளிக்கமாட்டன்."

ரதீஸுக்கு எப்போதும் பக்கம் நிரம்பாத குறை. ஞாயிற்றுக்கிழமையே வந்து ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தான்.

"கோயிலப் பத்தி என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"இந்தக் குடிக்கு முதல் மரியாதை, அந்தக் குடிக்குப் பொறகு எண்டு ஒரு வரிசை வச்சிரிக்காங்களே, அது ஒழியணும்! சாமிக்கு முன்னால ஆர் முந்தி, ஆர் பிந்தி? போடுங்க தம்பி, பெரிய எழுத்தில போடுங்க."

பெரிய எழுத்திலேயே போட்டான். தங்கராசா ஒரு மாதம் காத்திருந்தார். தெருவில் யாராவது முறைத்தால் மனதுக்குள் சந்தோசப்பட்டார். யாரும் முறைக்கவில்லை. அடுத்த இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோயில் நிர்வாகத் தலைவர் வண்ணக்கர் கந்தப்போடி. தங்கராசா பெயரைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"எழுத்தாளர் கூறியது முற்றிலும் சரி. கடல் வந்துபோன பிறகு வரிசையில் நிற்கப் பழைய ஆட்கள் பலர் இல்லாமல் போனதால், அந்த வரிசையை நாங்களே எடுத்துவிட்டோம். எழுத்தாளர் ஐந்து வருடமாகப் பொதுக்கூட்டத்துக்கு வராதபடியால் அறிந்திருக்க மாட்டார். இப்படிப்பட்டவரின் சேவை கோயிலுக்குத் தேவை. அவரைச் செயலாளராக ஏகமனதாகத் தெரிவு செய்திருக்கிறோம்."

அந்த வருடக் கோயில் சடங்கு முழுக்கத் தங்கராசா ஒலிபெருக்கியில் நின்றார். "பச்சைச் சட்டை போட்ட பிள்ளையின்ட தாய் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கூட்டத்தில் ஒரு மனிதராவது அவரை எதிர்க்கவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள்.

தொண்டை திறந்த அன்றே ரதீஸைத் திரும்பக் கூப்பிட்டார்.

"பேட்டியில விடுபட்ட பகுதி எண்டு ஒண்டு போடுவம் தம்பி. பாறூக் தொட்ட விசயத்தையே நான் தொடுறன். அவன் தொட்டும் தொடாமலும் விட்டிட்டான்."

"சீதன வீடா ஐயா?"

"ஓம். அவன் விருந்தாளி எண்டு மெல்லமாச் சொன்னான். நான் சொல்றன், சீதன வீட்டில படுத்தெழும்புற ஆம்பிளைக்கு முதுகெலும்பு இல்ல. வெக்கம் இருந்தா அண்டைக்கே வெளியேறணும்!"

ரதீஸ் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "ஐயா, இப்ப நாம இரிக்கிற இந்த வீடு..."

"கருவி ஓடுதா? ஓடட்டும்."

இதழ் வந்த அன்று இலட்சுமிப்பிள்ளை அதை முன்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு தரம் வாசித்தாள். இதழை மடித்து வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தங்கராசா வேலையால் வந்தபோது, வாசற்படியில் அவருடைய பயணப் பை நின்றது. சிப் பூட்டியிருந்தது.

"என்ன இது?"

"மூண்டு சாரம் வச்சிரிக்கன். ரெண்டு சேட். கண்ணாடி சைட் பக்கத்தில கிடக்கு."

"இலட்சுமி, அது இலக்கியம்!"

"இந்த வீடு எனக்கு ரெண்டு தரம் கிடைச்சது. ஒருக்கா எங்கட அப்பா தந்தார். அதக் கடல் கொண்டுபோயிட்டு. மறுகா நான் எட்டு மாதம் வரிசையில நிண்டு, பாறம் நிரப்பி, வாறவன் போறவனுக்கெல்லாம் அத்திவாரத்தக் காட்டி வாங்கினன். நீங்க அப்ப முகாமில இரிந்து கடலுக்குக் கவிதை எழுதினீங்க." அவள் குரல் உயரவேயில்லை. "வெக்கம் இருந்தா வெளியேறணும் எண்டு நான் சொல்லல்ல. நீங்கதான் சொல்லியிரிக்கிறீங்க, பக்கம் இருபத்திரெண்டு."

தங்கராசா தபாலகத்தின் பின்னறையில், வெறும் தபால் பைகளை அடுக்கி அதன்மேல் படுக்கத் தொடங்கினார். முதுகெலும்பு இருப்பது முதல் வாரத்திலேயே நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. இவ்வளவு சொன்னதற்கு ஊர் கட்டாயம் கொதிக்கும். பதினொன்று என்ன, இருபத்தொன்றே வரும்.

பத்தொன்பது வந்தது. பத்தொன்பதும் பாராட்டு.

"எழுதியபடி வாழ்ந்து காட்டிய எழுத்தாளர்!" "சொல்லும் செயலும் ஒன்றான மனிதர்!" உன்னிச்சையிலிருந்து ஒரு விவசாயி, தானும் வெளியேற யோசிப்பதாகவும், வயல் வேலை முடியட்டும் என்று பார்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார். இளைஞர் மன்றம் வந்து மாலை போட்டது. இரத்தினம்மா சோற்றுப் பார்சலோடு வந்தாள்.

"ஐயா மாதிரி கொள்கை உள்ள ஆம்பிளய நான் கண்டதில்ல. கடைசி மட்டும் அந்தப் படி மிதிக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

இதுதான் சிக்கல். இனி வீட்டுக்குப் போனால் மனைவியின் காலில் மட்டும் விழுந்தால் போதாது, பத்தொன்பது வாசகர்களின் காலிலும் விழவேண்டும். ஒரு ஞாயிறு காலை, பொறுக்க முடியாமல், தன் வீட்டு வாசல் படலை வரைக்கும் போய்விட்டார். உள்ளிருந்து இறால் பொரியும் மணம் வந்தது. படலையில் கை வைத்ததும் எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஐயா! கொள்கைய விட்டிராதீங்க!"

"சேச்சே, ஒரு கடிதம் குடுக்க வந்தன்" என்று சட்டைப் பையிலிருந்த மின்சாரப் பில்லை எடுத்துப் படலையில் செருகிவிட்டுத் திரும்பினார்.

அந்த வாரம் ரதீஸ் வந்தான். தபால் பை மெத்தையில் எழுத்தாளர் அமர்ந்திருப்பதை அட்டைப் படமாகப் போட வேண்டுமாம். தங்கராசா அமர்ந்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தம்பி, ஒரு விசயம். பாறூக்குக்கு வந்த கடிதங்கள நான் ஒருக்காப் பாக்கலாமா? உறையோட."

அடுத்த நாளே ரதீஸ் கொண்டுவந்து கொடுத்தான். தங்கராசா உறைகளை மேசையில் பரப்பினார். முப்பது வருடத் தபால்காரக் கண். ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஏறாவூர் வாசகி, ஓட்டமாவடி வாசகன், பெரியகல்லாறு இலக்கிய அபிமானி என்று பதினொரு பெயர், பதினொரு விலாசம். ஆனால் பதினொரு உறையிலும் காத்தான்குடிச் சீல். ஒரே திகதி. கையெழுத்து பாறூக்குடையது போல் இல்லைதான். ஆனால் பதினொன்றிலும் 'று' எழுத்துக்கு ஒரே மாதிரி நீண்ட வால்.

"கள்ளப் பயல்!" தங்கராசாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கையெழுத்த மாத்தித் தனக்குத்தானே எழுதிப் போட்டிரிக்கான்!"

இந்தப் பொய்யை நம்பியல்லவா அவர் கோயில் செயலாளரானார், வீடிழந்தார், முதுகைத் தொலைத்தார்? உறைகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

காத்தான்குடியில் பாறூக் வீட்டு விறாந்தையில் சாய்ந்திருந்தான். மெலிந்திருந்தான். கூட்டாளியைக் கண்டதும் எழும்பினான்.

"வா மச்சான்! எத்தின மாசமாச்சு..."

"கதைக்காத. இந்தா, உன்ட பதினொரு வாசகரும்!" தங்கராசா உறைகளை மேசையில் கொட்டினார். "ஒரே சீல், ஒரே திகதி, ஒரே வால். வெக்கமா இல்லையாடா? தனக்குத்தானே கண்டனம் எழுதுற ஒருத்தன நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

பாறூக் உறைகளைப் பார்த்தான். உண்மையாகவே விளங்காத முகம்.

"வல்லாஹி, சத்தியமா நான் எழுதல்ல மச்சான். நான் ஏன் எனக்கு எழுதுற? இந்தக் கடிதத்தால எனக்கு நித்திரையே இல்ல. கடைக்கு வாற ஒவ்வொரு ஆளையும் பாத்து, இவரா எழுதின, அவவா எழுதின எண்டு யோசிச்சு, மூணு மீற்றர் கேட்டா அஞ்சு மீற்றர் வெட்டிக் குடுக்கன். என்ன பதினொரு பேர் காறித் துப்புறாங்க. உன்னப் பத்தொன்பது பேர் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. ஒவ்வொரு புத்தகம் வரக்குள்ளயும் என்ட வயிறு பத்தி எரியிதுடா!"

தங்கராசாவுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சுக்குள் இளநீர் இறங்கியது போல் குளிர்ந்தது. மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"உண்மையாவா மச்சான்? எவ்வளவு எரியிது?"

"சொல்லேலாது. நீ படுத்திரிக்கிற அந்தத் தபால் பைய நினைச்சாலே எரியிது."

"எனக்கும் அப்பிடித்தான்டா. அந்தக் கோப்பை கழுவுற கடிதம் இரிக்கே, அத நான் பாடமாக்கி வச்சிரிக்கன்."

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கராசாவுக்குத்தான் சுருக்கென்றது.

"அப்ப ஆருடா இத எழுதின?"

பாறூக்கின் மனைவி ஆமினா உம்மா தேத்தண்ணியோடு வந்தாள். மேசையில் இடமில்லாமல் உறைகளைக் கையால் ஒதுக்கி, இரண்டு கோப்பைகளையும் வைத்தாள்.

"பதினொண்டும் நான்தான் எழுதின, உங்கட முதுகெலும்புப் பேட்டி வந்த அண்டைக்கு இலட்சுமிப்பிள்ளைக்கும் போன் எடுத்து, உங்கட ஆளுக்கும் நாலு எழுதிப் போடுங்க தங்கச்சி எண்டன், அவதான், 'கடிதம் எழுதி மினக்கெட எனக்கெங்க ராத்தா நேரம், நான் பையக் கட்டிப் படியில வச்சிர்றன்' எண்டா."