சித்தப்பாவை விட்டுவிட்ட புரோகிராம்

நான் எழுதிய முதல் புரோகிராம் ஒரு பிழையும் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாரைக் கேட்டாலும் கதை வேறு மாதிரித்தான் வரும். அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. சொன்ன ஆளில்தான் கொஞ்சம் பிசகு. (கொஞ்சம் என்பது என் கணக்கு. சில்க்போர்க்கில் இருக்கும் என் சின்னம்மாவின் கணக்கு வேறு.)

இலங்கையில், வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த வைகாசி மாதம் அது. இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. என்ன வேலை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு கிழமை எடுத்தது. ஓர் உடுப்புக் கொம்பனியில் கடைக்கு ஒரு கணினி முறை இருக்கும், களஞ்சியத்துக்கு இன்னொன்று, லொறிகளுக்கு வேறொன்று. ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது. நடுவில் நின்று ஒன்றின் செய்தியை மற்றதற்கு விளங்கும்படி கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருளை எழுதுவது என் வேலை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பெருமையோடு அறிவித்தார்: “மகள் கொம்பனியளுக்குத் தரகர் வேலை பார்க்கிறாள்.”

இந்த வேலைக்கென்று ஒரு பெரிய கருவி இருந்தது. அதைப் பழகுவதற்குத் தலையணை மொத்தத்தில் ஆங்கிலக் கையேடு ஒன்று தந்தார்கள். கூடவே, நித்திரைக் குரலில் ஒருவர் பாடம் நடத்தும் சீடி. சந்தேகம் வந்தால் கேட்க இணையத்தில் ஒரு மன்றமும் உண்டு. (அங்கே எதைக் கேட்டாலும் ‘இது முன்பே கேட்கப்பட்டுவிட்டது’ என்று ஒருவர் வந்து சொல்வார். எங்கே என்று சொல்லமாட்டார்.) இவற்றைவிட, புதியவர்கள் எதை உடைத்தாலும் ஒருவருக்கும் நட்டம் வராத ஒரு பயிற்சிக் களமும் இருந்தது. நான் அதற்குள் ஒழுங்காக இருந்திருக்கலாம்.

என் மேலாளர் கிர்ஸ்டன் நல்ல மனுசி. கையேட்டில் உள்ள பயிற்சிகளைச் செய்து முடித்தபின், சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எடுத்து நானே ஒன்று கட்டி, வெள்ளிக்கிழமைக் காலைச் சாப்பாட்டில் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்றார். வேலை நிரந்தரமாவது அதைப் பார்த்துத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்த நேரம் எங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு விசயம்தான் இருந்தது. அம்மாவின் கடைசித் தம்பி ஜெராட் மாமா, மனைவி பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாதக் கணக்காக ஒரு தகவலும் இல்லை. அம்மாதான் மூத்தவர் என்பதால் இக்காஸ்டில் எங்கள் வீட்டுத் தொலைபேசி குடும்பத்தின் தலைமைச் செயலகமாக இருந்தது. அங்கே ஏதாவது காதில் விழுந்தால் அம்மா சின்னம்மாவுக்குச் சொல்வார், சின்னம்மா லண்டனுக்குச் சொல்வார், லண்டன் ரொறொன்ரோவுக்குச் சொல்லும். ஒரு நாள், மாமாவின் அயலவர் ஒருவரை வவுனியாவில் கண்டதாக வந்த செய்தி, ரொறொன்ரோ போய்ச் சேர்வதற்குள் மாமாவையே கண்டதாக மாறிவிட்டது. அங்கிருந்து பெரிய மாமா அழுதுகொண்டு எடுத்து அம்மாவுக்கே அந்த நல்ல செய்தியைச் சொன்னார். அது தானே அனுப்பிய செய்திதான் என்று விளங்க அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன்பின் அவர் கதிரையில் இருந்த இருப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகவே குடும்பத்தை நான் காப்பாற்றத் தீர்மானித்தேன். கையேட்டில் ஒரு பயிற்சி இருந்தது. பெட்டி தயாரானதும் களஞ்சியத்திலிருந்து லொறிச் சாரதிக்குக் குறுஞ்செய்தி போகும். சாரதி ‘ஓகே’ என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அதே செய்தி மீண்டும் போகும். பதில் வரும்வரை விடாது. நான் சாரதிகளை இறக்கிவிட்டுச் சொந்தக்காரரை ஏற்றினேன். ஒரே செய்தி, ஒரே சொற்கள், எல்லா நாட்டுக்கும் ஒரே நேரத்தில். பயிற்சியின் கீழே, உண்மையான எண்களைப் பாவிக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அது வேலை தெரியாதவர்களுக்காக எழுதியது என்று கடந்துபோனேன்.

எல்லாருடைய எண்ணையும் ஏற்றினேன். ஒருவரைத் தவிர. அப்பாவின் தம்பி பீற்றர் சித்தப்பா, ஹேர்னிங்கிலேயே, என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் பந்தல் போட்டவர், கதிரை தூக்கியவர், ஐஸ்கிறீம் பரிமாறியவர் எல்லாம் அவர்தான். மூன்று மணித்தியால வீடியோ வந்தபோது அதில் அவர் முகம் ஓர் இடத்திலும் இல்லை. ஐஸ்கிறீம் மட்டும் வந்தது. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தார், பெட்டியைத் தூக்கினார், அம்மாவோடு கதைக்காமலே போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அத்தனை வருசமும் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. கோபக்கார ஆளுக்குச் செய்தி அனுப்புவது குடும்ப முறையல்ல. (தொழில்நுட்பம் தெரிந்தால் போதாது, பண்பாடும் தெரிய வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

வெள்ளிக்கிழமை வந்தது. மேசை நிறையப் பாண், சீஸ், கோப்பி. என் கைத்தொலைபேசியைச் சத்தம் போடக் கூடாதென்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். திரையில் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பெட்டி. பதில் வந்தால் அது பச்சையாகும். ரொறொன்ரோ, லண்டன், சில்க்போர்க் என்று பச்சை பரவுவதைக் கற்பனை செய்தபடி, முதல்நாளே எழுதி வைத்த செய்தியை அனுப்பினேன். ‘இக்காஸ்ட் வீட்டுச் செய்தி. கிடைத்தவர்கள் ஓகே என்று பதில் போடவும்.’ அவ்வளவுதான். அந்த மாதத்தில், ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், தெரியாத ஓர் எண்ணிலிருந்து, செய்தி என்று போட்டுவிட்டுச் செய்தியையே போடாமல் அனுப்பியவள் நான்.

டெனிஷ்காரர் கை தட்டினார்கள். ஒரு பெட்டியும் பச்சையாகவில்லை.

இங்கே எங்கள் சனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குறுஞ்செய்தி என்றால் கதைக்கச் சொல்லி வரும் அழைப்பு. அதற்கு எழுத்தில் பதில் போடுவது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி. உடனே எடுத்துக் கதைக்க வேண்டும். அதுவும் அனுப்பிய எண்ணுக்கு அல்ல, மூத்தவருக்கு. ஆகவே மூன்று நாட்டிலும் இருந்த என் சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அம்மாவுக்கு எடுத்தார்கள். அம்மா கிடைக்காதவர்கள் ஒருவருக்கொருவர் எடுத்தார்கள். லொறிச் சாரதிகளுக்காக எழுதிய பயிற்சியில் இந்தப் பண்பு கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஐந்து நிமிடத்தில் கருவி இரண்டாம் முறை அனுப்பியது. பிறகு மூன்றாம் முறை. நான் மேசை முன்னால் நின்று, பதில் கிடைக்காவிட்டாலும் சளைக்காத அதன் உறுதியைப் பற்றி நல்ல டெனிஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கே சின்னம்மா, மூன்று முறை வந்தால் அது மரணச் செய்திதான் என்று முடிவு கட்டி மெழுகுதிரி கொளுத்திவிட்டார்.

வரவேற்பு மேசைப் பெண் வந்து, லண்டனிலிருந்து ஓர் அம்மா எடுத்து என் பெயரைச் சொல்லி அழுகிறார், என்ன மொழி என்று தெரியவில்லை என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தும் பொத்தானை அமத்தினேன். அது நாகரிகமான கருவி. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்பேன் என்று இன்னொரு சுற்று அனுப்பியது. கிர்ஸ்டன் எழும்பிவந்து வயரைப் பிடுங்கினார்.

அம்மாவுக்கு எடுத்தேன், எங்கேஜ். சின்னம்மாவுக்கும் எங்கேஜ். ரொறொன்ரோவும் அப்படித்தான். மாமா எங்காவது உயிரோடு இருந்து, யாருடையதோ ஒரு தொலைபேசி கொஞ்ச நேரம் கையில் கிடைத்தால், முதலில் அம்மாவுக்குத்தான் எடுப்பார். அந்த ஓர் அழைப்புக்காக அம்மா மாதக் கணக்காகத் தொலைபேசிப் பக்கத்திலேயே படுத்தெழும்பினார். நான் அந்த வாசலில் உலகத்துச் சொந்தக்காரரையெல்லாம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கிர்ஸ்டன் கார்த் திறப்பை எடுத்து, என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

இக்காஸ்டில் எங்கள் வீட்டு வாசலில் சித்தப்பாவின் சிவப்புக் கார் குறுக்கே நின்றது. எங்கள் ஆட்களில், கதைக்காத ஒருவர் படியேறி வருகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். மாமா போய்விட்டார் என்றே நினைத்தேன்.

உள்ளே சித்தப்பா துணித் தொழிற்சாலை உடுப்போடும் சப்பாத்தோடும் விறாந்தையில் நின்றார். அம்மா றிசீவரைக் காதில் வைத்தபடி, பொறும் என்று அவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பெரிய மாமாவிடம் தனக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பா றிசீவரை வைக்கச் சொன்னார். அம்மா வைக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தார். அது காதில் இருக்கும்வரை அவர் சொல்ல வந்ததைக் கேட்கத் தேவையில்லை அல்லவா? சித்தப்பா கிட்டப் போய் விரலால் தொடர்பை அமத்தினார்.

“அண்ணி, ஜெராட் கதைச்சவன். உயிரோட இருக்கிறான். மனுசியும் பிள்ளையளும் பக்கத்தில இருக்கினம். வவுனியா ஆஸ்பத்திரியில, ஆரோ ஒராளின்ர போனில.”

அம்மா அவரையே பார்த்தார். “உம்மோடையோ கதைச்சவன்?”

“ஓம். உங்கட நம்பர், சில்க்போர்க், கனடா எல்லாம் அடிச்சுப் பார்த்தவனாம். எல்லாம் எங்கேஜாம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளியெண்டு என்ர நம்பரையும் மனப்பாடம் பண்ணி வைச்சிருந்தவன். என்ரதுதான் அடிச்சது. எனக்கு ஒருத்தரும் எடுக்கிறேல்லைத்தானே, அண்ணி.”

அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். பிறகு, சப்பாத்தோடு வீட்டுக்குள் நிற்பதற்கு அவரை ஏசினார். அந்த ஏச்சோடு பழைய கோபம் முடிந்தது. ஒழுங்காகச் சமைத்து எத்தனையோ நாளான அம்மா உடனே புட்டுக்கு மா எடுத்தார். கதவோரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற கிர்ஸ்டனுக்கும் கோப்பை வைத்தார். அந்த மாதம் எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் அப்படி ஓர் அழைப்பு வரவேயில்லை. அதனால் இந்தக் கதையில் இந்த இடம் வரும்போது நாங்கள் குரலைக் குறைத்துத்தான் சொல்வோம்.

சாப்பிடும்போது சித்தப்பா கேட்டார், எல்லாருக்கும் போன அந்த மெசேஜ் தனக்கு ஏன் வரவில்லை என்று. நான் கருவியில் கோளாறு என்றேன். (என் புரோகிராமைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.) என்ன கதைக்கிறீர்கள் என்று கிர்ஸ்டன் விடாமல் கேட்டதால் அவருக்கு டெனிஷில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. புட்டை விழுங்கிவிட்டு அவர் யோசித்தார். என் வடிவமைப்பில் சரியாக இருந்த ஒரே பகுதி அந்தச் சித்தப்பாதான் என்றார். பெரிய முறைகளில் எல்லாச் செய்தியும் ஒரே வாசலால் போகும், அந்த வாசல் அடைபட்டால் எல்லாம் போச்சு, அதோடு தொடர்பே இல்லாமல் ஒரு வழி தனியே கிடக்க வேண்டும், அதைப் பலருக்குப் பத்து வருசமானாலும் படிப்பிக்க முடியவில்லை என்றார். திங்கட்கிழமை என் வேலையை நிரந்தரமாக்கினார். இனி உண்மையான எண்ணைத் தொட்டால் கையை முறிப்பேன் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

இன்று அந்த நிறுவனத்தில் புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சிப் பாடங்களை எழுதுவது நான். சொல்லப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்? வரைபடங்களில் ஒன்றோடும் சேராமல் ஓரமாய் ஓடும் கோடு ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு எங்கள் அலுவலகத்தில் ‘ஃபார்ப்ரோர்’ என்று பெயர். டெனிஷில் அப்பாவின் சகோதரன். தமிழே தெரியாத பெடியங்கள் எல்லாம் என் சித்தப்பாவைக் கோடு போட்டுப் படிக்கிறார்கள்.

குடும்பத்தில் இப்போது எல்லாருக்கும் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் சேரச் சித்தப்பா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. தான் வெளியில் நிற்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு என்கிறார். அதனால் முக்கியமான எந்தச் செய்தியையும் யாராவது ஒருவர் ஹேர்னிங்குக்குப் போய் முதலில் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குழுவில் போடலாம். ஜெராட் மாமா கூட, மகளுக்குக் கலியாணம் பேசியபோது அப்படித்தான் ஆள் அனுப்பினார். யார் என்ன புதினம் சொன்னாலும், சித்தப்பாவுக்குச் சொல்லியாயிற்றா என்பதுதான் எங்கள் வீட்டில் முதல் கேள்வி.

எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று நான் சொன்னபோது என் கணவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சித்தப்பாவுக்குச் சொல்லிட்டியோ?”

“ஓம்,” என்றேன். “வேலை முடிஞ்சு வரேக்க அங்க போயிட்டுத்தான் வாறன்.”