உடையப் போவது எனக்கு முன்பே தெரியும்

தெரிந்ததை எதிரில் இருப்பவருக்கு விளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெண் பார்க்க வந்த அன்றாவது அந்த வியாதிக்கு விடுமுறை கொடுத்திருக்கலாம்.

அப்போது நான் சென்னையில் அணு இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. லீவுக்குத் தீவுக்கு வந்திருந்தேன். கராச்சர்மாவில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையும் பெற்றோரும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்திருந்தார்கள். அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அதற்காக மறுநாள் மெயின்லேண்டுக்கு, சென்னைக்கு, கப்பல். அலைந்து வாங்கிய டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அணுவ உடைக்கிற வேலையாமே, பயமா இல்லையாம்மா?" என்று அவர் அம்மா கேட்டார்.

"அது தானா உடையும் ஆன்ட்டி. நான் அதுலேர்ந்து வர்ற ஒளியப் பிடிப்பேன்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெண். நான் உள்ளே போய், அக்கா மகளின் பிறந்தநாளில் மிஞ்சிய பலூனில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தேன். (அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள்.)

பலூனை மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நீட்டி ஆட்டினேன். "இதுதான் அணுக்கரு. சக்தி ஏறினா இப்படி ஆடும், நீளும். உடையறதுக்கு முன்னாடியே காமாக் கதிர் வீசும், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதை எண்ணினா, உடைய எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லிடலாம்."

அவர் ஆர்வமாகக் குனிந்தார். "அச்சா. அப்ப உடையப் போகுதுன்னு உனக்கு முன்னாடியே மாலூம்?"

"நல்லாத் தெரியும் மாமா." (இன்னும் எதுவும் முடிவாகவில்லை, 'மாமா' என்று நாக்கு முந்திக்கொண்டது.)

பலூன் உடைந்தது.

தண்ணீர் முழுவதும் அவர் மடியிலும் சட்டைப் பையிலும். டிக்கெட்டில் மை கரைந்து ஓடியது. அதோடு நான் சும்மா இருந்தேனா? "காய வச்சுடலாம்" என்று பிடுங்கிக்கொண்டு ஓடி, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். அவர் பெயர் இருந்த இடம் கருகி ஓட்டையானது.

என் அப்பாவும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் டிக்கெட் கவுண்டருக்குப் பறந்தார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கல்யாணம் போனது போகட்டும், ஒரு மனிதரின் கண்ணைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, "டூப்ளிகேட் மில் கயா, கிடைச்சிடுச்சு" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

வெளியே வந்தேன். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு எங்க வீட்ல யாரும் பதில் சொன்னதில்லம்மா. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. இன்றும் நான் எதையாவது விளக்க வாயைத் திறந்தால், மாமனார் சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் எடுத்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு, "இப்ப சொல்லும்மா" என்கிறார்.