எட்டாத தரை

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி என் மனைவி தைத்த துணி மூட்டையோடு பஸ்ஸில் நசுங்கக் கூடாது. அந்த வாரமே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். கறுப்பு வண்டி. எருமை மாதிரி இருந்தது.

என் மனைவி தையற்காரி. மனிதர்களை முகம் வைத்துப் பார்க்க மாட்டாள், அளவு வைத்துப் பார்ப்பாள். வண்டியை ஒரு தரம் பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள்.

“நாலு அங்குலம் இடிக்குதுங்க.”

“எங்க?”

“உங்க காலுக்கும் தரைக்கும் நடுவுல.”

“ஓட்டறதுக்கு எதுக்குத் தரை? சக்கரம் தரையில இருந்தா போதாதா?”

“ஓட்டறப்போ போதும். நிறுத்தறப்போ?”

கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த மாதிரிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது அப்போது தெரியாது. “எல்லாம் பேலன்ஸ்ல இருக்கு. உனக்குப் புரியாது” என்றேன்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், செருப்போடு சேர்த்து. லைசென்ஸுக்கு எட்டுப் போட்டது மச்சானின் சின்ன வண்டியில். இந்த வண்டியிலும் எட்டுப் போடலாம், தரைதான் எட்டாது. அதனால் ஊரில் எந்தெந்த நடைபாதை எவ்வளவு உயரம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காய்கறி வாங்க வேண்டுமென்றால் தபாலாபீஸ் படிக்கட்டில் காலை ஊன்றி வண்டியை நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து நடப்பேன்.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. மனைவி பின்னால் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, நடைபாதையே இல்லாத சிக்னலிலும் வண்டி கம்பம் நட்ட மாதிரி நின்றது. என் கட்டைவிரல் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வண்டி ஆடாது, அசையாது.

“பாத்தியா பேலன்ஸை?” என்பேன், திரும்பாமலே.

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

அப்படி எட்டு மாதம், எட்டாமலே ஓட்டினேன்.

ஒருநாள் அவளுக்கு அவசரத் தையல். தனியாக வேலைக்குக் கிளம்பினேன். நான் லென்ஸ் தேய்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினேன். பேலன்ஸ் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வண்டி அவசரமே இல்லாமல், யோசித்து யோசித்துச் சாய்ந்து, என்னைத் தார் ரோட்டில் படுக்க வைத்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

வீட்டில் அவள் என் முழங்காலுக்கு மருந்து போட்டாள்.

“ரோட்ல எண்ணெய் கொட்டிக் கிடந்தது” என்றேன்.

“இல்லீங்க. பின்னாடி நான் இல்ல.”

“நீ இருந்தா மட்டும்?”

“சிக்னலுக்குச் சிக்னல் ரெண்டு காலையும் ஊணிக்கிட்டு இருந்தது யாருன்னு நினைச்சீங்க? எட்டு மாசத்துல ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சு போச்சு.”

அவள் என்னைவிட அரையடி உயரம்.

அவள் கேலி செய்யவில்லை. இஞ்சு டேப்பை எடுத்து வந்து என்னை முக்காலியில் உட்கார வைத்தாள். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால் என்று அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

“நீங்க எதுக்கு நீளணும்? வண்டியை மாத்திடலாம்.”

அதுவரை பஸ் கம்பிக்கும், கடை மேல் அலமாரிக்கும் நான்தான் எம்பி எம்பி நின்றிருக்கிறேன். எனக்காக எதுவும் குனிந்து கொடுத்ததில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ஷாக் அப்சர்பரை இறக்கினார், ஹேண்டில்பாரைக் கிட்டே இழுத்தார். சீட்டை இவளே பிரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சைச் சீவி, உறையை மறுபடி தைத்தாள். மூன்று நாள் சாயங்காலம் அங்கேதான் இருந்தாள். என்னை வரவே விடவில்லை. “தையல் முடியறதுக்குள்ள போட்டுப் பாக்கக் கூடாது” என்றாள்.

நாலாம் நாள் வாசலில் வண்டிச் சத்தம். ஓட்டி வந்தது அவள்.

“உனக்கு எப்படி…”

“மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். எட்டு மாசம் பின்னாடியிருந்து உங்களைப் பாத்தது வேற இருக்கில்ல. ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.”

ஒரு சுத்துதானே என்று ஏறினேன்.

அந்தச் சாயங்காலத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உட்கார்ந்ததும் இடுப்பு தொட்டிலில் விழுந்த மாதிரி பொருந்தியது. தொங்கியே பழகிய என் பாதங்களுக்கு, மேலே ஏற்றி வைத்த கால்கட்டை வந்து தானாகத் தாங்கல் கொடுத்தது. முழங்கால் இழுக்கவில்லை, முதுகு வளையவில்லை. அவள் முதுகிலிருந்து சுண்ணாம்புக் கட்டியும் புதுத்துணியும் கலந்த வாசனை வந்தது. சிக்னலில் அவள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். நான் தெருவை வேடிக்கை பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

“பின் சீட்டு எப்படி இவ்வளவு வசதியா இருக்கு?” என்று கேட்டேன்.

“உங்க அளவுக்கு வெட்டினதாச்சே.”

“அப்போ முன் சீட்டு?”

“அது என் அளவு” என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாள்.